பட்டாவும் கப்பற் பட்டியலும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியானவரை அரசு ஆவணங்களில் தேடுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் ஏர் பிடித்து வாழ்ந்த ஒருவரை அரசு ஆவணங்களில் தேடப் புகுவோர்க்கு முதல் தடையாக அமைவன சொற்களே. தம் பாட்டனாரின் பாட்டனார் ஒரு விவசாயி என்பது குடும்பத்தில் வழங்கிவரும் செய்தியாக இருக்கும். அச்சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்நூற்றாண்டின் கணக்கேடுகளைப் புரட்டினால் ஒருவரும் அகப்படார். முயற்சி, தொழில் என்னும் பொதுப்பொருள் கொண்ட ‘வியவசாயம்’ என்ற வடசொல் உழவுத்தொழில் ஒன்றற்கே உரியதாகச் சுருங்கிப் பரவலாக வழங்கியது பிற்காலத்தில்தான். ஆவணங்கள் அவரைக் ‘குடி’ என்றும் ‘ரயத்து’ என்றும் ‘பட்டாதார்’ என்றும் எழுதின. மிராசு முறை நிலவிய ஊர்களில் ‘உள்குடி’, ‘பரகுடி’, ‘பாயக்காரி’ எனும் பெயர்களும் வழங்கின. இவற்றுள் ‘ரயத்து’ அரபு மூலமுடையது. ஆட்சிக்குக் கட்டுப்பட்டவர் என்பதே அதன் அடிப்படைப் பொருள். உழவு பற்றிய குறிப்பு அதில் இல்லை. இது தற்செயலன்று. நிலவரி ஆவணம் ஒரு மனிதரை வரி செலுத்துபவராகவே காண்கிறது. வரி செலுத்தாதவர் எவ்வளவு உழுதிருந்தாலும் அதன் கண்ணில் படுவதில்லை.

சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களுக்குரிய நிலவரி ஆவணங்களும், அம்மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியல்களும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முன்னவை தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும், பின்னவை ஆங்கில எழுத்திலிருந்து மீண்டும் தமிழுக்கும் மொழிபெயர்க்கப்பட வேண்டியவை. இரண்டிடத்தும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் ஒரு சிறு முடிவு, ஒரு குடும்பத்தின் தொடர்ச்சியை இணைக்கவோ அறுக்கவோ வல்லது.

கணக்கேடுகளின் இயல்பு

எந்த ஊரில் எந்த ஏடு கிடைக்கும் என்பது அவ்வூர் எத்தகைய நில வருவாய் முறைக்கு உட்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் பெற்ற பாரமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் வயல்தோறும் அளந்து, குடிகளோடு நேரடியாகத் தீர்வை பேசும் முறையை உருவாக்கினர். பின்னர் ரயத்துவாரி என்று பெயர் பெற்றது இதுவே. ஆயின் இதே பகுதியிலேயே 1802-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் நிலையான தீர்வைத் திட்டம் புகுத்தப்பட்டு, ஊர்கள் ‘மிட்டா’க்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. மிட்டாதாரருக்கு உட்பட்ட குடியின் பெயர் சர்க்கார் கணக்கில் ஏற வேண்டிய தேவை இல்லை. ஆகவே, அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் வாழ்ந்த இரு உழவர்களுள் ஒருவர் தம் வயல்களோடு ஏட்டில் நிற்பதும், மற்றவர் சுவடின்றி மறைவதும் நேர்கின்றன. ஜமீன் ஊர்களின் குடிகளைப் பற்றிய ஒழுங்கான பதிவுகள் 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட்டு நிலச் சட்டத்திற்குப் பின்னரே பெருகுகின்றன.

ஆட்சி எல்லைகளின் மாற்றமும் கருதத்தக்கது. பாரமகாலில் அடங்கிய ஓர் ஊர், பின்னர்ச் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இடம்பெற்றிருக்கக் கூடும். தேடுவோர் இன்றைய மாவட்டத் தலைநகரில் மட்டும் தேடினால் மூன்று காலத்துக் காகிதங்களை விட்டுவிடுவர்.

1858-இல் நில அளவைக்கும் தீர்வை நிர்ணயத்திற்கும் தனித் துறைகள் தொழிற்படத் தொடங்கிய பின்னரே, இன்று நாம் ‘சர்வே எண்’ என்னும் எண் ஊர்தோறும் நிலைபெற்றது. அதற்கு முந்தைய அளவைக்குப் ‘பைமாஷ்’ என்று பெயர்; அளத்தலைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. பைமாஷ் எண்ணும் சர்வே எண்ணும் வேறு வேறு. ஒரு வயலை 1840-லிருந்து 1880-க்குக் கொண்டுவர விரும்புவோர், இரண்டு எண்களையும் ஒருங்கே தரும் ஏட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். வயலின் வழக்குப் பெயரும் சில வேளைகளில் கைகொடுக்கும். கிணற்று மேட்டுக்காடு, ஆலமரத்துச் செய், வண்ணான் துறை என்பன போன்ற பெயர்கள் எண்ணைவிட நீண்ட ஆயுளுடையவை.

ஊர்க் கணக்குகளுள் தேடலுக்கு இன்றியமையாதவை இரண்டு. வயலை முதலாகக் கொண்டு, அதன் பரப்பு, உடையவர், பயிர் ஆகியவற்றைக் கூறுவது அடங்கல். ஊர்க் கணக்கு வரிசையில் இரண்டாம் எண்ணுடையது. ஆளை முதலாகக் கொண்டு, அவர் பெயரில் உள்ள வயல்களைத் தொகுத்துரைப்பது சிட்டா, பத்தாம் எண்ணுடையது. ‘அடங்கல்’ எல்லாம் அடங்கியது எனப் பொருள்படும் தூய தமிழ்ப் பெயர். ‘சிட்டா’ வட இந்திய மொழிகளின் வழி வந்தது. ஒரே மேசையில் ஒரே கர்ணம் எழுதிய இரு ஏடுகளின் பெயர்கள் இருவேறு ஆட்சிக் காலங்களை நினைவூட்டுவதை மொழிநூலார் கவனிக்கலாம். கிஸ்தி அரபு, ஜமாபந்தியின் முற்பகுதி அரபு, பிற்பகுதி பாரசீகம், முச்சலிக்கை துருக்கிய மூலமுடையது, பட்டா வடமொழி. இவற்றுக்கு எதிர்த்திசையில், புறம்போக்கு என்னும் தமிழ்ச் சொல் ஆங்கில வருவாய்த்துறை நடையினுள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது.

மாகாணத்தின் பல மாவட்டங்களில் தீர்வைப் பதிவேடுகள் ஆங்கிலமும் நாட்டுமொழியும் இணைந்த இருமொழித் தலைப்புகளுடன் அச்சாயின. ‘டிக்ளாட்’ என்றே அவை அலுவலகங்களில் அழைக்கப்பட்டன. இருமொழி ஏடு என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பாளர்க்கு இது ஒரு கொடை. எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல்லை அக்காலத்து அலுவலரே இணையாகக் கொண்டார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. எச்.எச். வில்சனின் வருவாய்-நீதித்துறைச் சொற்களஞ்சியம் (1855), மக்லீன் தொகுத்த சென்னை மாகாண ஆட்சிக் கையேட்டின் மூன்றாம் தொகுதியாகிய சொல்லடைவு (1893) ஆகிய இரண்டும் பயன்மிக்கவை. ஆயினும் வில்சனின் நூல் இலண்டனில் இருந்துகொண்டு பல மொழிகளின் சொற்களைத் திரட்டியது. ஊர்க் கணக்கில் ஒரு சொல் எப்பொருளில் ஆளப்பட்டது என்பதற்கு டிக்ளாட் ஏட்டையே மேலான சான்றாகக் கொள்ளுதல் தகும்.

காலமும் அளவும்

ஆவணத்தின் ஆண்டைக் கண்டறிதல் எளிதன்று. வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் அமைந்தவை. விளைச்சற் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு இது. சென்னை மாகாணத்தில் முதலில் ஜூலை 12-லும், 1855 முதல் ஜூலை 1-லும் பசலி தொடங்கியது. பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். 1860 ஜூலையில் தொடங்கியது பசலி 1270. தனியார் ஓலைகளும் கிரயச் சீட்டுகளுமோ அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர்களால் நாள் குறித்தன. 1860 சித்திரையில் பிறந்த ரௌத்திரி ஆண்டின் முதல் இரண்டரை மாதம் பசலி 1269-ஐச் சேரும். எஞ்சியது 1270-ஐச் சேரும். மேலும், ‘தாது வருஷம்’ என்று மட்டும் எழுதிய ஓர் ஓலை 1816-ஐயும் குறிக்கலாம், 1876-ஐயும் குறிக்கலாம். 1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே மக்கள் நாவில் நிலைபெற்றமையால், தாது என்று கண்டவுடன் பஞ்சத்தோடு இணைக்கும் ஆவல் எழும். இதற்கு இடம் கொடுக்கலாகாது. பசலியும் ஆண்டுப் பெயரும் ஒரே ஆவணத்தில் வரும்போது மட்டுமே ஐயம் நீங்குகிறது.

எண்கள் பெரும்பாலும் தமிழ்க் குறிகளில் உள்ளன. பழைய முறையில் சுழி இல்லை. 1270 என்பது ௲௨௱௭௰ என வரும். இதைப் படிப்பவர் ௭-ஐ எகரமாகவும் ௨-ஐ உகரமாகவும் கொண்டு மயங்குதல் உண்டு. காற்பங்கின் குறி வகரத்தை ஒத்தது. நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்கு முறையே ௳, ௴, ௵. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. கணக்கேட்டின் ஒரு பக்கத்தில் முதல் வரியில் மட்டும் பெயர் முழுமையாக இருக்க, கீழே பத்து வரிகளுக்கு ௸ தொடர்வதைக் காணலாம். படியெடுப்போர் ஒரு வரியைத் தவறவிட்டால் பத்து வயல்கள் வேறொருவர்க்குப் போய்விடும்.

அளவைச் சொற்களுள் ‘காணி’ பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். செங்கற்பட்டுப் பகுதியில் காணி என்பது 100 குழி கொண்ட நிலப்பரப்பு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சைப் பகுதியில் நிலத்தின் பேரளவு வேலி. ஒரு வேலி 20 மா. ஒரு மா 100 குழி. மா என்பதே இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னப் பெயர். அதே வாய்பாட்டில் காணி எண்பதில் ஒரு பங்கு. வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதியானது. அதன் எண்பதில் ஒரு பங்கு எட்டு செண்டுக்குச் சற்று மேற்பட்டதே. தஞ்சை ஓலையில் வந்த ‘காணி’யைச் செங்கற்பட்டுக் காணியாகக் கொண்டு மொழிபெயர்ப்பவர், அந்தக் குடியானவரைப் பதினாறு மடங்கு செல்வராக்கிவிடுகிறார். இத்துடன் நில்லாது, காணி என்பது பரம்பரை நில உரிமையையும் குறிக்கும். ‘அவருக்கு அவ்வூரில் காணி உண்டு’ என்னும் தொடர் பரப்பளவு பற்றியதாக இல்லாமல் உரிமை பற்றியதாக இருத்தல் கூடும். எல்லிசு 1818-இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய ஆய்வுரை இச்சொல்லைச் சுற்றியே பெரிதும் இயங்குகிறது. மூன்று பொருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லை இட்டு நிரப்பிய மொழிபெயர்ப்புகள் வரலாற்றாளரை வழிதவறச் செய்யும். பணக் கணக்கிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். 1818-இல் ரூபாய் மாகாணத்தின் நாணயமாக ஆக்கப்படும் வரை தீர்வை வராகனில் எழுதப்பட்டது. மாற்று விகிதம் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்.

பெயர்

பழைய ஓலைகளில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவின. ரகரமும் காலும் வேறுபடுவதில்லை. தாளுக்கு மாறிய பின்னும் கர்ணங்களின் கை இப்பழக்கத்தை எளிதில் விடவில்லை. இந்நிலையில் ‘செலலன’ என்று எழுதப்பட்டிருப்பது எப்பெயர் என்பதை வரிவடிவம் தீர்மானிக்காது. ஊர் வழக்கும் பிற ஏடுகளுமே தீர்மானிக்க வேண்டும்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழ் மரபு. பேரன் என்னும் உறவுப் பெயரே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. இம்மரபு தேடலுக்கு உதவியும் ஊறும் ஒருங்கே செய்கிறது. முத்தன் மகன் காத்தான், காத்தான் மகன் முத்தன் என ஒரு குடும்பம் மாறி மாறிச் செல்வதாகக் கொள்வோம். 1820-ஐச் சேர்ந்த ஏட்டிலும் 1870-ஐச் சேர்ந்த ஏட்டிலும் ‘காத்தான் மகன் முத்தன்’ என்றே இருக்கும். இருவரும் ஒருவரல்லர், பாட்டனும் பேரனும் ஆவர். தந்தை பெயரோடு ஒருவரை அடையாளம் கண்டுவிட்டோம் என்று அமைதியடைவது தவறு. இரண்டு தலைமுறைப் பெயர்களும் வயலும் பொருந்த வேண்டும்.

குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்கள் வேறு செய்தியைத் தாங்கி வருகின்றன. முன் பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து இப்பெயரிடும் வழக்கம் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத மரணங்களின் ஒரே தடயம் இப்பெயராக இருக்கலாம். மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899-இல்தான் வந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் பாட்டன் பெயராக வந்த குப்பன், பேரனிடத்தில் இப்பொருளை இழந்துவிடுகிறது.

ஆவணங்களில் பெயரீறும் சாதிக்கேற்ப வேறுபட்டது. அந்தணர்க்கு ‘அய்யர்’ என ரகர ஈறு; உழவர்க்கு ‘கவுண்டன்’, ‘நாயக்கன்’ என னகர ஈறு. அதனினும் கீழாக வைக்கப்பட்டோர்க்குச் சாதிப் பெயரும் தனிப்பெயரும் மட்டும். இன்றைய வெளியீடுகளில் இவற்றையெல்லாம் ரகர ஈறாகத் திருத்திப் பதிப்பிக்கும் போக்கு காணப்படுகிறது. மூதாதையர்க்கு மதிப்புத் தரும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் மூலத்தைப் படியெடுக்குமிடத்து எழுதியவாறே எழுதுதல் வேண்டும் என்பது என் கருத்து. எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் இடையே இருந்த உறவை அந்த ஓரெழுத்தே காட்டுகிறது. மதிப்பை நம் சொந்த உரையில் தரலாம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது ‘வகையறா’. கூட்டுப் பட்டாவில் மூத்தவர் பெயரை எழுதி, ‘வகையறா’ என்று முடிப்பது கர்ணங்களின் வழக்கம். அரபு மூலமுடைய இச்சொல்லுக்கு ‘மற்றும் பிற’ என்பது பொருள். தமிழ் ‘வகை’ என்பதோடு ஒலி ஒத்திருப்பதால், வகையைச் சேர்ந்தோர், பங்காளிகள் எனும் பொருள் அதில் ஏறி, தமிழ்ச் சொல்லாகவே பலராலும் கருதப்படுகிறது. ‘இன்னார் வகையறா’ என்று கோயில் மரியாதை பெறும் கிளைகளைப் பெயரிடும் வழக்கு இதன் விளைவு. தேடுவோர்க்கோ இது ஒரு சுவர். தம்பிமார், விதவைத் தாயார், சிறுவயதுப் பிள்ளைகள் அனைவரும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றனர். தேடப்படுபவர் ஓர் இளைய மகனாயின், சொத்துப் பிரிவினை நிகழும் வரை அவர் பெயர் வெளிவராது. 1865 தொடக்கத்தில் பத்திரப் பதிவு நடைமுறைக்கு வந்த பின்னர் எழுந்த பாகப்பிரிவினைப் பத்திரங்களே ‘வகையறா’வை விரித்துக் காட்டுகின்றன. பெண்கள் இவற்றிலும் ‘இன்னான் பெண்சாதி’ என்றே பெரும்பாலும் தோன்றுவர். அவர்தம் தந்தை யாவர் என்பதை அறிய வழி அரிது.

குடிக்கணக்கு இவ்விடர்களைத் தீர்க்கும் என்று எண்ணுவோர் உண்டு. 1871-இலும் 1881-இலும் வீடுதோறும் பெயர் எழுதப்பட்டது உண்மையே. எனினும் அப்படிவங்கள் எண்ணி முடிந்தபின் பாதுகாக்கப்படவில்லை. இங்கிலாந்தின் உழவரைத் தேடுவோர்க்கு முதற் கருவியாயிருப்பது இந்திய உழவரைத் தேடுவோர்க்கு இல்லை. நமக்கு எஞ்சியவை தொகைகள் மட்டுமே.

பட்டா இல்லாதவர்

இதுவரை கூறியவை நிலம் உடையவரைப் பற்றியவை. பண்ணையாளாகவும் படியாளாகவும் உழுதவரின் நிலை வேறு. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பை நீக்கும் வரை, ஓலையில் அவர் பெயர் வருமாயின் விற்கப்படும் பொருளாகவே வந்தது. நிலத்தோடு சேர்த்து ஆளும் கைமாறிய ஆவணங்களில் விற்பவரின் தந்தை பெயர் இருக்கும். விற்கப்படுபவரின் தந்தை பெயர் இருப்பது அரிது.

செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமென்கீர் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் அறியப்பட்டது இது. ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பதிவேட்டில் ‘டி.சி.’ என்னும் ஈரெழுத்துச் சுருக்கத்தால் குறித்தனர். உடையவர் பெயர்ப் பத்தியில் இல்லாத வரலாறு ‘ஷரா’ எனப்படும் குறிப்புப் பத்தியில் இவ்வாறு ஒதுங்கி நின்றது. ஷரா என்பதற்கே விளக்கம் என்பதுதான் மூலப் பொருள். மொழிபெயர்ப்பாளர் பலர் இப்பத்தியை முக்கியமற்றதெனக் கருதி விட்டுவிடுகின்றனர். இந்நிலங்களை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் உயிரிழந்தனர். ஈரெழுத்துச் சுருக்கம் அத்தகைய எடையுடையது. 1979-க்கும் 1987-க்கும் இடையில் நிலவுடைமைப் பதிவேடுகள் புதுக்கி எழுதப்பட்டமையால், இத்தகைய குறிப்புகளுக்கு அதற்கு முந்தைய ஏடுகளையே பார்த்தல் வேண்டும். பரம்பரைக் கர்ணம் பதவி 1980 நவம்பரில் நீக்கப்பட்டதும் இதே காலத்தில்தான். பழைய கட்டுகள் சில வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன.

நிலமற்ற உழவரைப் பற்றி உள்ளூர் ஏடுகள் கூறாத பலவற்றையும் கப்பற் பட்டியல்கள் கூறுகின்றன என்பது வியப்புக்குரிய முரண். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து நேட்டாலின் டர்பன் துறையை அடைந்த ‘ட்ரூரோ’ தொடங்கி, 1911 வரை அந்நாட்டிற்குச் சென்றோர் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழிச் சென்றவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. பெண்களுக்கும் தனி எண். தந்தை பெயரும் உண்டு. சொந்த ஊர்ப் பட்டாவில் ‘பெண்சாதி’ என்னும் சொல்லுக்குள் மறைந்திருக்கக் கூடியவர் இங்கு மகளாக வெளிப்படுகிறார். 1834 முதல் மொரிசியசுக்குச் சென்றோரின் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1860-களிலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படங்களும் அவற்றுள் அடங்கும். ஒருவரை உடைமையாளராகக் கொள்ளாத ஆட்சி, தப்பியோடினால் பிடிப்பதற்காக அவர் நெற்றித் தழும்பைக் கூட எழுதி வைத்தது.

இப்பட்டியல்களின் எழுத்துமுறையே இப்போது மொழிநூலாரின் உதவியை வேண்டி நிற்கிறது. பெயரைக் கூறியவர் தமிழர். கேட்டவர் எம்மொழியினராகவும் இருக்கலாம். எழுதியது உரோமன் எழுத்தில். ககர, டகர, தகர, பகரங்களின் ஒலிப்பு வேறுபாடு எழுதுபவர் செவிக்கேற்ப மாறியது. ழகரம் நால்வகையாகத் திரிந்தது. நேட்டாலில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகவும், முதலி ‘மூட்லி’ ஆகவும் நிலைத்தனர். மொரிசியசில் பிரெஞ்சு எழுத்துப் பழக்கம் குறுக்கிட்டமையால் அன் ஈறு ‘என்’ ஆகிச் சின்னப்பன் ‘சின்னாப்பென்’ ஆனார். அங்கே முதலில் சென்றவரின் தனிப்பெயரே வழித்தோன்றல்களின் குடும்பப் பெயராயிற்று. ஊர்ப் பெயர்களுள் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்பது அறிந்ததே. சிற்றூர்ப் பெயர்கள் இத்தகைய நிலைத்த வடிவம் பெறாதவை. சாதிப் பத்தியில் ‘மலபார்’ என்று கண்டு மலையாளியரெனக் கொள்வது பெரும்பிழை. பழைய கும்பினி ஆங்கிலத்தில் தமிழரையும் தமிழையும் குறித்த சொல் அது.

இத்தேடல் இன்று ஏட்டளவில் நிற்பதும் அன்று. மொரிசியசில் ஏழாம் தலைமுறையினர்க்கும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் தகுதி வழங்கப்படும் என 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தலைமுறைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஆவணத்தால் நிறுவப்பட வேண்டியிருப்பதால், ஓர் எழுத்தரின் செவிக்குழப்பம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கக் கூடும். இங்கு பெயரினும் நம்பத்தக்கது எண். பெயர் ஏட்டுக்கு ஏடு மாறும். வந்திறங்கியபோது இடப்பட்ட எண் தோட்டத்துப் பதிவு, திருமணம், இறப்பு ஆகியவற்றிலும் தொடர்ந்தது.

ஒரு மாதிரி உள்ளீட்டைக் கொண்டு முறையைக் காட்டலாம். பட்டியலில் ‘கூப்பென், தந்தை மூட்டென், வட ஆர்க்காடு, போளூர், பூதூர்’ என்று படிக்கத்தக்க வரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கூப்பென் என்பது குப்பனாதல் பெரிதும் இயலும். மூட்டென் என்பதற்கு முத்தன், மூத்தான், மூட்டன் என மூன்று வடிவங்கள் இயலும். உரோமன் எழுத்து தகர டகரங்களையும் குறில் நெடிலையும் வேறுபடுத்தாது. பூதூர் என்பது புதூரோ பூதூரோ என்பதைத் தாலுகாவின் ஊர்ப்பட்டியலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அதன்பின் அவ்வூர்த் தீர்வைப் பதிவேட்டில் முத்தன் என்றோ குப்பன் என்றோ பெயர் உளதா எனக் காணலாம். இருப்பின், பாட்டன்-பேரன் பெயர்ச்சுழற்சி பொருந்துகிறதா என ஆராய வேண்டும். இல்லாவிடின், அவ்வின்மையையே குப்பனின் வீட்டுக்கு நிலம் இல்லாதிருந்தமைக்கு ஒரு சான்றாகக் கொள்ளலாம். அவ்வூர் ஜாகீர் அல்லது ஜமீனாக இருந்ததா என்பதை முதலில் தெளிந்துகொண்ட பின்னரே இவ்வாறு கொள்ளுதல் தகும். தமிழில் பெயரை எழுதும்போது, ஆவணத்தில் இல்லாத மீட்டுருவாக்க வடிவங்களுக்கு மொழிநூலார் இடும் உடுக்குறியை இங்கும் இடலாம்: *குப்பன், *முத்தன் அல்லது *மூத்தான். உரோமன் வடிவை அருகிலேயே மாற்றாது தருதல் வேண்டும். தமிழ் ஏட்டில் அப்பெயர் கண்ணால் காணப்படும் நாளில் உடுக்குறியை நீக்கிக்கொள்ளலாம்.